வீட்டு ஆள்

கம்பம்
18.1.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

யுவராணி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அஸ்ஸாமில் இந்த வருஷம் குளிர் கூடுதல் என்று செய்தியில் சொன்னார்கள். போன கடிதத்தில் நெஞ்சுச்சளி என்று எழுதியிருந்தீர்களே, விட்டதா? உங்கள் பட்டாள முகாமுக்கு டவர் வந்துவிட்டால் போனிலேயே கேட்டுவிடுவேன். அதுவரை இந்த நீலத்தாள்தான்.

பொங்கலுக்கு மறுநாள் ஆத்தாவைப் பார்த்தேன். வழக்கம்போல உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில். பண்ணைப்புரத்து வீட்டு வாசலை நான் மிதித்து எட்டு வருஷம் ஆகிறது. வா என்று அவளும் சொல்லவில்லை, வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. மாதம் ஒரு தடவை வந்து பயறோ மொச்சையோ கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். இந்தத் தடவை கரும்பு கொண்டுவந்தாள். நன்றாக இருக்கிறாள்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது அண்ணே. இங்கே ஒரு சங்கத்தில் களப்பணியாளர். லோயர் கேம்ப்பில் குமுளி மலை ஏறுவதற்கு முன்னால் லாரிகளை நிறுத்தி இஞ்சினை ஆறவிடுவார்கள் அல்லவா, அங்கே போய் டிரைவர்களிடம் எய்ட்ஸ் பற்றிப் பேச வேண்டும், ஆணுறை கொடுக்க வேண்டும், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அடையாள அட்டையில் என் படமும் யுவராணி என்ற பெயரும் இருக்கின்றன. கழுத்தில் மாட்டிக்கொண்டு நாலு தடவை கண்ணாடி பார்த்தேன்.

போன வாரம் ஒரு டிரைவர், பெரியப்பா வயசு இருக்கும், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எல்லாஞ் சரித்தான் தாயி. நீ டெஸ்ட் எடுத்துட்டியா?" என்றார். நான் எடுத்ததில்லை. எங்கள் கூட்டத்தில் ஒருத்தியும் எடுத்ததில்லை.

ஏன் என்று கேட்டால் ஒரு சம்பவம் சொல்கிறேன். என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் மதீனாவைப் பற்றி எழுதியிருக்கிறேன். உத்தமபாளையத்துப் பிள்ளை, என்னைப் போல அரவாணி. மூன்று வாரமாகக் காய்ச்சல். ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், ஊர் பேர் வேண்டாம். ஆண்கள் வரிசையில் நின்றால், "பொம்பளைக வரிசைக்குப் போ" என்றார்கள். பெண்கள் வரிசைக்குப் போனால், "இது எங்கன வருது?" என்று ஒதுங்கினார்கள். சீட்டு எழுதுகிறவர், "உன்னைய எந்த வார்டுல போடுறது?" என்று கேட்டுச் சிரித்தார். மதீனா காய்ச்சலோடு, "வராண்டாவுல போடுங்கய்யா, காத்தாவது வரும்" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் அங்கே நிற்கவில்லை. மெடிக்கல் கடையில் சொல்லி நாலு மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நாங்கள் எல்லோரும் இப்படித்தான். மெடிக்கல் கடைக்காரர்தான் எங்களுக்கு டாக்டர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பெ. யுவராணி


99 ஏ.பி.ஓ.
16.2.2005

யுவராணிக்கு,

ஒச்சாண்டி எழுதுவது. கடிதம் கிடைத்தது. சளி போய்விட்டது. சாப்பாடு, படுக்கை எல்லாம் சரியாக இருக்கிறது.

வேலை கிடைத்தது நல்லது. ஆனால் வியாதிக்காரர்களுக்கு மிகவும் பக்கத்தில் போய் நிற்காதே. மதீனாவை அவள் வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. இங்கே தபால் பையை ஒருவர் பிரித்து எல்லோருக்கும் கொடுப்பார். கடிதத்தின் பின்பக்கம் உன் பெயரை முழுதாக எழுதாதே. பெ.யு. என்று போட்டால் போதும். எனக்கு ஒரு தம்பி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்று கூட இருப்பவர்களிடம் சொல்லியிருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லி முடியாது.

ஆத்தாவைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். வேறு விசேஷம் இல்லை.

பெ. ஒச்சாண்டி


கம்பம்
12.3.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். பின்பக்கம் நீங்கள் சொன்னபடியே போட்டிருக்கிறேன்.

மதீனாவின் வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவளுடைய வீட்டார் நாங்கள்தான் அண்ணே.

இந்த மாதம் நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த டிரைவர் கேட்டது என்னை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் எங்கள் வீட்டில் உட்காரவைத்து, "நான் டெஸ்டுக்குப் போறேன். வர்றவ வாங்கடி" என்றேன். முதலில் ஒரே சத்தம். இருக்கு என்று தெரிந்தால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார், நம்ம ஆட்களே தட்டையும் தம்ளரையும் தனியாக வைப்பார்கள், தெரியாமலே இருந்துவிட்டுப் போகலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லோருக்கும் மூத்த இருளம்மாள் அக்கா மட்டும் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "வெள்ளிக்கிழம போவம். அன்னைக்கு எனக்கு ராசியான நாளு" என்றாள். அவ்வளவுதான்.

ஒன்பது பேர் போனோம். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி தேய்த்த சேலை, தலை நிறையக் கனகாம்பரம். அதே ஆஸ்பத்திரிதான். ஆண்கள் வரிசை ஒரு பக்கம், பெண்கள் வரிசை ஒரு பக்கம். நான் இரண்டுக்கும் நடுவில் போய் நின்றேன். என் பின்னால் மதீனா, அவள் பின்னால் இருளம்மாள் அக்கா, அப்படியே ஒன்பது பேரும். காவலுக்கு இருந்தவர் ஓடிவந்தார்.

"என்னம்மா இது, ஊர்வலமா?"

"வரிசைண்ணே" என்றேன். "ஆம்பளைக்கு ஒண்ணு இருக்கு, பொம்பளைக்கு ஒண்ணு இருக்கு. இது எங்களது."

அவர் கையை நீட்டி எங்களை ஒதுக்கப் பார்த்தார். பெண்கள் வரிசையில் கைப்பிள்ளையோடு நின்ற ஒரு அம்மா மட்டும், "நிக்கட்டுமேய்யா, ஒன் தலையிலயா நிக்கிறாக?" என்று சொன்னாள். அதற்குள் பரிசோதனை அறையிலிருந்து, பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பேசி ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் சுமையா வெளியே வந்துவிட்டாள். சின்னப் பெண், தலையில் முக்காடு, கம்பத்துக்காரிதான். "எல்லாரும் உள்ள வாங்கக்கா, உக்காந்து பேசுவம்" என்றாள். அந்தக் கட்டிடத்துக்குள் எங்களை யாரும் உட்காரச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். என்னிடம் கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் சொன்னேன். பம்பாயில் இருந்த நாலு வருஷத்தையும் சொன்னேன். அதை உங்களுக்கு எழுதியதில்லை, இப்போதும் எழுதவில்லை. அவள் முகம் சுளிக்கவே இல்லை. முடிவை அடுத்த வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

ரத்தம் எடுக்கும்போது இருளம்மாள் அக்காதான் பெரிய சத்தம் போட்டாள். வெளியே வந்து டீக்கடையில் ஒன்பது டீ சொன்னோம். எனக்கு என்னமோ பரீட்சை எழுதி முடித்த மாதிரி இருந்தது.

உங்களுக்குக் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
யுவராணி


99 ஏ.பி.ஓ.
8.4.2005

யுவராணிக்கு,

நான் சுகம். இங்கே இப்போது மழை. மூன்றாவது வரிசை என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

உங்கள் முடிவு இந்நேரம் வந்திருக்கும். எழுது.

ஒச்சாண்டி


கம்பம்
19.5.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். தாமதமாக எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். வீரபாண்டித் திருவிழா வந்துவிட்டது. எட்டு நாளும் அங்கே சங்கத்துப் பந்தலில் நின்றேன். ஆத்தா அக்கினிச்சட்டி எடுத்தாள். கூட்டத்தில் தூரமாக நின்று பார்த்தேன். நன்றாக நடக்கிறாள், முழங்கால் வலி என்று சொன்னதெல்லாம் சும்மா.

முடிவு கேட்டிருந்தீர்கள். ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு இல்லை. அதில் இருளம்மாள் அக்காவும் ஒருத்தி, எழுதிக்கொள் என்று சொல்லிச் சிரிக்கிறாள். மதீனாவுக்கு இருக்கிறது. அவளும் எழுதச் சொன்னாள், "ஒங்க அண்ணன் பட்டாளத்துல இருக்காக, எனக்காகவும் ஒரு துவா செய்யச் சொல்லு" என்றாள். இன்னும் இரண்டு பேருக்கு இருக்கிறது. அவர்கள் பேரை நான் எழுதக் கூடாது.

முடிவு வந்த அன்று மதீனா அழவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். "எனக்குத் தனித் தட்டு எது?" என்று கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தட்டிலேயே சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அழுதாள்.

திராட்சை இந்த வருஷம் நல்ல காய்ப்பு. தோட்டத்துப் பக்கம் போனால் சும்மாவே ஒரு கை அள்ளிக் கொடுக்கிறார்கள். பெரியாற்றுத் தண்ணீர் ஜூனில் திறந்துவிடுவார்கள் என்கிறார்கள். ஆத்தா நாற்றுப் பாவக் காத்திருக்கிறாள். எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் இளைத்திருக்கிறேன். மற்றபடி ஒன்றும் இல்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

யுவராணி


99 ஏ.பி.ஓ.
2.7.2005

அன்புள்ள தங்கச்சி யுவராணிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குத் தபால் தாமதம் காரணமில்லை. உன் கடிதம் மே மாதக் கடைசியிலேயே வந்துவிட்டது. சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

தினமும் காலையில் என் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணி மேலே சொல்வது என் வேலை. பதிமூன்று வருஷமாக எண்ணுகிறேன். ஒரு ஆள் குறைந்தால் எனக்குத் தெரியும். ஒன்பது பேர் போனதாக எழுதினாய். ஐந்து பேருக்கு இல்லை, மதீனாவுக்கு இருக்கிறது, இன்னும் இரண்டு பேருக்கு இருக்கிறது. எட்டுதான் வருகிறது.

மறைத்துவிட்டாய் என்று நான் கோபப்படவில்லை. உன்னைச் சொல்லவிடாமல் செய்தவன் நான். வியாதிக்காரர்கள் பக்கத்தில் நிற்காதே என்று எழுதியவன் நான்தான். திருப்பூர்க் கதையை இட்டுக்கட்டியவனும் நான்தான்.

நீ பிறந்தபோது எனக்கு ஏழு வயசு. ஆத்தா களையெடுக்கப் போனால் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் பண்ணைப்புரம் தெருவெல்லாம் சுற்றுவேன். உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது எங்கெங்கோ தூக்கிக்கொண்டு ஓடினோம். இப்போது நீ தனியாகப் போய் நின்றிருக்கிறாய்.

வைத்தியம் என்ன, யார் பார்க்கிறார்கள், என்ன சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் எழுது. எதையும் விடாதே. கடிதத்தின் பின்பக்கம் உன் பெயரை முழுதாக எழுது.

உன் அண்ணன்,
ஒச்சாண்டி


கம்பம்
25.7.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மதீனாவிடம் கொடுத்தேன். அவள் முதல் வரியை மட்டும் உரக்கப் படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள்.

எனக்கும் இருக்கிறது அண்ணே. எழுதியாகிவிட்டது.

மதீனாவையும் மற்றவர்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும், என்னை நினைத்து உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அதனால்தான் முதலில் யாரிடமும் சொல்லவில்லை. சுமையாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவள், "அக்கா, நீங்க மத்தவுகளுக்குச் சொல்றத ஒங்களுக்கு ஒரு தடவ சொல்லிப் பாருங்க" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, லோயர் கேம்ப்பில் பேசுவதை அப்படியே எனக்குப் பேசினேன். இது வந்தால் உடனே சாவு இல்லை. மாத்திரை இருக்கிறது. தொட்டால் ஒட்டாது. சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. நான் நன்றாகத்தான் பேசுகிறேன் அண்ணே. எனக்கே நம்பிக்கை வந்தது.

நீங்கள் எதையும் விடாதே என்றதால் எழுதுகிறேன். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை எண்ணிச் சொல்கிறார்கள். அது இருநூறுக்குக் கீழே போனால் மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். எனக்கு நூற்று அறுபத்து நாலு. மதீனாவுக்குத் தொண்ணூறு. மதுரையில் மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். நானும் அவளும் போனோம். டாக்டர் அம்மா நன்றாகப் பேசினார்கள். ஆனால், ஆரம்பித்தால் ஒரு நாள்கூட விடக் கூடாது, நேரம் தவறக் கூடாது, அதனால் வீட்டு ஆள் ஒருவர் கூட வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"மதீனாவுக்கு நான், எனக்கு மதீனா. ஒரே வீட்லதான் இருக்கோம்" என்றேன்.

"ரெண்டு பேரும் பேஷண்ட்டும்மா. ரெண்டு பேரும் படுத்துட்டா யாரு குடுப்பா? ரத்த சொந்தம் யாராவது வரட்டும்" என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த மாதம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

சங்கத்தில் வேறு வழி பார்க்கிறார்கள். ஆத்தாவிடம் கேட்கமாட்டேன். பத்து நிமிஷம் பஸ் ஸ்டாண்டில் நிற்பதையும் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

பெ. யுவராணி


99 ஏ.பி.ஓ.
14.8.2005

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா?

லீவு கேட்டேன். ஏப்ரலுக்கு முன்னால் கிடையாது என்றார்கள். இரண்டாம் தடவையும் கேட்டேன், அதே பதில். ஏப்ரல்வரை நீ காத்திருக்க முடியாது.

அதனால் இன்று ஆத்தாவுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, போஸ்ட்மேன் சுயம்புலிங்கம்தான் வாசலில் நின்று வாசிப்பார், தெருவே கேட்கும். அதனால் வியாதி பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதியது இவ்வளவுதான்: "ஆத்தா, உன் மகள் யுவராணி மதுரைக்கு வைத்தியத்துக்குப் போக வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் கூட வர வேண்டும். என்னால் வர முடியவில்லை. நீ போ."

அவள் வராவிட்டால் எனக்கு உடனே எழுது. வேலையை விட்டாவது வருகிறேன்.

ஒச்சாண்டி


கம்பம்
4.10.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

செப்டம்பர் ஏழாம் தேதி காலை. கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் ஆத்தா. என் வீடு எது என்று அவளுக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. சிவப்புச் சேலை, கையில் மஞ்சப் பை.

"கெளம்பலையா? மதுர பஸ்ஸு போயிருமுல்ல" என்றாள்.

பஸ்ஸில்தான் விஷயம் தெரிந்தது. சுயம்புலிங்கம் மாமா உங்கள் கடிதத்தை வாசலில் நின்று வாசித்தாராம். "உன் மகள்" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "ஒச்சாண்டி தப்பா எழுதிட்டான் போல" என்றாராம். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆத்தா என்ன சொன்னாள் தெரியுமா? "ஏ மகன் பட்டாளத்துல எழுதிப் படிச்சவன். தப்பா எழுதமாட்டான். எழுதியிருக்கிறத வாசிங்க" என்றாளாம். இதை என்னிடம் சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உசிலம்பட்டி தாண்டும்வரை திரும்பவே இல்லை.

மதுரையில் பதிவு எழுதுகிறவர் ஆத்தாவைப் பார்த்து, "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்.

"ஆத்தா."

"ரேஷன் கார்டுல சுருளிராஜன்னு இருக்கு. இங்க யுவராணின்னு சொல்றாங்க."

"அது நாங்க வச்ச பேரு. இது அவளா வச்ச பேரு. ரெண்டையும் எழுதிக்கங்கய்யா, எடம் இருக்குல்ல?"

டாக்டர் அம்மா ஆத்தாவை உட்காரவைத்து, "என்ன நோய்னு சொன்னாங்களாம்மா?" என்று கேட்டார்கள். "அவ சொல்லல, நானும் கேக்கல. மாத்திரையப் போட்டா புள்ள இருப்பாளா?" என்றாள். "விடாம போட்டா ரொம்ப வருஷம் இருப்பாங்க" என்றார்கள். "அப்பக் குடுங்க. நேரம் சொல்லுங்க. கோழி கூவ மறந்தாலும் நான் மறக்கமாட்டேன்."

கைநாட்டு வைத்தாள். மை துடைக்கத் துணி கொடுத்தார்கள், வேண்டாம் என்று சேலையிலேயே துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது நானே எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயரையும் சொன்னேன். மஞ்சப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "தொட்டா ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொன்னாகள்ல? பெறகென்னடி" என்றாள். என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டாள் அண்ணே. நான் கண்டக்டருக்கு முன்னால் அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

உத்தமபாளையத்தில் இறங்கவில்லை. கம்பம்வரை வந்து பத்து நாள் என்னோடு இருந்தாள். காலை எட்டு, இரவு எட்டு. முதல் பத்து நாள் தலைசுற்றல், வாந்தி. ரசம் வைத்து வைத்து ஊற்றினாள். இப்போது பரவாயில்லை. அவளுக்குக் களையெடுப்பு வேலை இருந்ததால், என்னைப் பண்ணைப்புரத்துக்கு வா என்றாள். பகலில், நடுத்தெரு வழியாக, அவள் முன்னால் நடக்க நான் பின்னால் நடந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களுக்குத்தான் கஷ்டம்.

நீங்கள் ஆத்தாவுக்கு அந்தக் கடிதம் போட்டதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஏப்ரலில் நேரில் சொல்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
யுவராணி


99 ஏ.பி.ஓ.
9.12.2005

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகமா? எனக்குக் குறையில்லை. உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். ஆத்தா சொன்ன "எழுதியிருக்கிறத வாசிங்க" என்பதைப் படிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்காருகிறேன்.

இங்கே ஒன்று நடந்தது. என் பிரிவில் ஞானதுரை என்று நாகர்கோவில் பக்கத்துப் பையன். தபாலைக் கொடுக்கும்போது பின்பக்கம் பார்த்துவிட்டு, "யாருண்ணே யுவராணி?" என்றான். என் தங்கச்சி என்றேன். "தம்பி திருப்பூர்ல இருக்கான்னு சொன்னீங்க. தங்கச்சி இருக்கிறத சொல்லவே இல்லையே?" என்றான். பொய் சொல்லிவிட்டேன், தம்பி இல்லை, தங்கச்சிதான் என்றேன். அரவாணி என்பதையும், நீ லோயர் கேம்ப்பில் செய்கிற வேலையையும், அந்த மூன்றாவது வரிசையையும் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் கூடிக் கேட்டார்கள். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவன் மட்டும் சிரித்தான், மற்றவர்கள் அவனை அடக்கிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாற்றலாகிப் போகிற வழியில் முகாம்களில் காத்திருந்த நாட்களில் நானும் யோசனையில்லாமல் நடந்துகொண்டதுண்டு. எத்தனையோ வருஷமாக அதை நினைக்காமலே இருந்தேன். உனக்கு வந்ததைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்தது, எனக்கு வந்திருக்குமோ என்ற கேள்வி மட்டும் வரவே இல்லை. போன மாதம் எங்கள் மருத்துவமனையில் போய்ப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்தேன். வெளியே பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்திக்கொண்டு முன்னால் நின்றாய். என்னைவிட உனக்குத் தைரியம் அதிகம்.

எனக்கு இல்லை என்று வந்தது. ஞானதுரையும் போய் எடுத்துக்கொண்டான். அவனுக்கும் இல்லை. உனக்குச் சொல்லச் சொன்னான்.

ஏப்ரல் பத்தாம் தேதி வருகிறேன். மாத்திரையை விடாதே.

உன் அண்ணன்,
ஒச்சாண்டி


கம்பம்
11.3.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம், இந்தத் தடவை நிஜமாகவே நலம். போன வாரம் ரத்தத்தை மறுபடி எண்ணினார்கள். நூற்று அறுபத்து நாலு இருந்தது இருநூற்று எண்பதாகியிருக்கிறது. ரவிக்கையெல்லாம் பிடிக்கிறது, தையலைப் பிரித்துப் போடுகிறேன். நீங்களும் ஞானதுரை தம்பியும் பரிசோதித்துக்கொண்டதை லோயர் கேம்ப்பில் பேர் சொல்லாமல் சொல்கிறேன். "பட்டாளத்துக்காரகளே எடுத்துட்டாக, ஒங்களுக்கு என்னண்ணே பயம்?" என்றால் டிரைவர்கள் யோசிக்கிறார்கள். அவர்கள் என்னிடம் திருப்பிக் கேட்டால், எடுத்துவிட்டேன், இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன், பார்த்தால் தெரிகிறதா என்று கேட்கிறேன். பிப்ரவரியில் மட்டும் இருபத்திரண்டு பேரை அனுப்பினேன். சுமையா எங்கள் ஆட்களுக்கென்று வெள்ளிக்கிழமை காலையை ஒதுக்கியிருக்கிறாள். சீட்டில் நாங்கள் சொல்கிற பெயரைத்தான் எழுதுகிறார்கள், அதே பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். தேனியிலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் எங்கள் ஆட்கள் வருகிறார்கள்.

மதீனாவைப் பற்றி எழுத வேண்டும். நான் மாத்திரை ஆரம்பித்தபோது அவளால் முடியவில்லை. உத்தமபாளையத்தில் அவள் அப்பாவைப் பார்க்க சங்கத்திலிருந்து போனார்கள், அவர் கதவைத் திறக்கவில்லை. சங்கம் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்த காகிதமும் மதுரையில் செல்லவில்லை. அக்டோபர் கடைசியில் அவளால் எழுந்து நடக்க முடியவில்லை. அப்போது ஆத்தா எனக்கு மாத்திரை வாங்கக் கூட வந்திருந்தாள். பாயில் கிடந்த மதீனாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவளுக்கு யாரு வாரா?" என்று கேட்டாள். ஒருவரும் இல்லை என்றேன். "ஏந்திரிடி" என்று கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

மதுரையில் அதே ஆள் பதிவு எழுதினார். "நீங்க போன மாசம் ஒரு மகளுக்குக் கைநாட்டு வச்சீங்களே?"

"இதுவும் ஏ மகதான்."

"இவங்க பேரு மதீனா. நீங்க முருகம்மாள்."

"எனக்கு முருகம்மாள். அவளுக்கு மதீனா. அவ மாத்திரைக்கு நான் பொறுப்பு. ஒரு நாளு விட்டாலும் என்னையக் கேளுங்க."

அவர் டாக்டர் அம்மாவைப் பார்த்தார். டாக்டர் அம்மா மதீனாவைப் பார்த்தார்கள், ஆத்தாவைப் பார்த்தார்கள், எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மதீனா இப்போது எட்டுக் கிலோ கூடியிருக்கிறாள். தினமும் பண்ணைப்புரத்தில் எதிர்வீட்டுக்குப் போன் போட்டு, "போட்டுட்டேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். எதிர்வீட்டுக்காரர்களே இப்போது, "ஒன் மக போன் வரலையே" என்று ஆத்தாவைக் கேட்கிறார்களாம்.

ஜனவரியில் எங்கள் கூட்டத்தில் பெயர் சொல்லாத அந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு ஆரம்பித்தார்கள். அதற்கும் ஆத்தாதான் வந்தாள். நான் வேண்டாம் என்றேன், முழங்கால் வலியோடு மாதம் மாதம் மதுரைக்கு அலைய வேண்டாம் என்றேன். "ரெண்டு புள்ளையப் பெத்தும் ஒத்தையாக் கெடந்தேன். அலையிறது நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நேற்று மறுபடி போனோம். சின்னமனூர்ப் பிள்ளை ஒருத்திக்காக. பதிவு எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஆத்தா, உண்மையச் சொல்லுங்க. ஒங்களுக்கு எத்தன மகதான்?" என்று கேட்டார்.

ஏப்ரல் பத்தாம் தேதி எல்லோரும் தேனி ரயிலடிக்கு வருகிறோம். யார் யார் என்று எண்ணிக்கொள்ள உங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? சளி பிடிக்காமல் வந்து சேருங்கள்.

ஆத்தா அவருக்குச் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். விரலில் மையோடு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "தாளு நெறைய வச்சுக்கங்கய்யா. அடுத்த பஸ்ஸுல இன்னும் ரெண்டு பேரு வர்றாளுக."

உங்கள் அன்புத் தங்கச்சி,
பெ. யுவராணி